எல்.இ.டி. விளக்கின் கீழே நாற்று ஏன் நூலாக நீள்கிறது?

கேள்வி

"அறைக்குள் குழித்தட்டில் தக்காளியும் மிளகாயும் விதைத்திருக்கிறேன். மேலே 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று, தட்டிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்குகிறது. தினமும் 12 மணி நேரம் எரிகிறது. அறை நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்றுகள் நூல்போல நீண்டு, ஒரே வாரத்தில் தலை சாய்ந்துவிட்டன. வெள்ளை விளக்கு செடிக்கு ஆகாது, ஊதா விளக்குதான் வேண்டும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?"

ஜனவரி 9, இரவு

வாங்க வேண்டாம். இருக்கிற விளக்கை இறக்குங்கள். 45 அல்ல, 15 சென்டிமீட்டர்.

ஜனவரி 9, படுக்கப் போகுமுன்

எழுதியதைத் திரும்பப் படித்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"அறை நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நம் கண் வெளிச்சத்தை அளக்காது. இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றிக்கொள்ளும். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. இரவில் விளக்குப் போட்ட கூடத்தில் 200 லக்ஸ் இருந்தால் பெரிது. ஐந்நூறு மடங்கு வித்தியாசம். இரண்டு இடத்திலும் நாம் செய்தித்தாள் படித்துவிடுகிறோம். செடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு வெளிச்சம்தான் சாப்பாடு. பருக்கை எண்ணித்தான் சாப்பிடும்.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. என்னிடம் இருக்கும் 9 வாட் பல்பின் கீழே வைத்துப் பார்த்தேன். 15 செ.மீ. தூரத்தில் 7,000. 30 செ.மீ.யில் 1,900. உங்கள் 45-இல் 850. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் நாற்றுத் தட்டில் வந்து நிற்கிறது.

வெளிச்சம் பற்றாத நாற்று, மண்ணுக்குள் இன்னும் வெளியே வராத முளைபோலவே நடந்துகொள்ளும். இலைக்குச் செலவு செய்யாமல் கையிருப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதில் போடும், எங்கேயாவது மேலே வெளிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில்.

ஜனவரி 11

ஊதாவைப் பற்றி. என்னிடம் ஒன்று இருக்கிறது, அதனால் பேச உரிமையும் இருக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 300 வாட் என்று போட்டிருந்தது. மின்சாரம் அளக்கும் கருவியைச் செருகிப் பார்த்தால் 38 வாட். மீதி 262 வாட் பெட்டியின் அட்டையில் மட்டும் இருக்கிறது. "அதற்கு இணையானது" என்று பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வால் வேறு.

அது எரியும் லட்சணத்தைப் பார்க்க செயலியைக் கீழே வைத்தேன். 25 செ.மீ.யில் 2,100 லக்ஸ். பக்கத்துத் தட்டில் வெள்ளைக் குழல் விளக்கின் கீழே 20 செ.மீ.யில் 9,000. ஆகவே ஊதா சுத்த ஏமாற்று. விஷயம் முடிந்தது.

ஜனவரி 12

விஷயம் முடியவில்லை. முட்டாள்தனமாக எழுதியிருக்கிறேன். ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "லக்ஸ் யாருடைய கண்ணுக்கு?" நியாயம்.

லக்ஸும் லூமனும் மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவுகள். நம் கண்ணுக்குக் கூர்மை அதிகம் இருப்பது 555 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே, அதாவது பச்சையில். நீலத்துக்கும் அடர் சிவப்புக்கும் அது பாதிக் குருடு. லக்ஸ் கணக்கும் அதே குருட்டுத்தனத்தோடு போட்டது. ஊதா விளக்கு நீலத்தையும் சிவப்பையும் மட்டுமே தருவதால் லக்ஸில் அளந்தால் பரிதாபமாகத்தான் தெரியும். தராசு தப்பு, சரக்கு அல்ல.

செடிக்கு வேண்டிய கணக்கு வேறு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வினாடிக்கு எத்தனை விழுகின்றன என்பது. எண்ணிக்கை பூதாகரமானது என்பதால் மைக்ரோமோல் என்று மூட்டை கட்டி எண்ணுகிறார்கள். உச்சி வெயிலில் ஏறக்குறைய 2,000 மைக்ரோமோல். அதை நேரடியாக அளக்கும் கருவி வீட்டில் வாங்கி வைக்கும் பொருள் அல்ல. ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்கு ஒரு குறுக்கு வழி உண்டு: லக்ஸை 70-ஆல் வகுத்தால் தோராயமாக மைக்ரோமோல் கிடைக்கும். வெயிலுக்கு 54-ஆல் வகுக்க வேண்டும். ஊதாவுக்கு இந்த வகுத்தல் செல்லாது. அதற்கு லக்ஸ் செயலியை எடுக்கவே வேண்டாம்.

வாட் பற்றி எழுதியது மட்டும் அப்படியே நிற்கிறது. 38 தான். நேற்று மறுபடியும் அளந்தேன்.

ஜனவரி 12, மாலை

கணக்கு கைக்கு வந்துவிட்டதால் கேள்வி கேட்டவரின் பல்பையும் போட்டுப் பார்த்தேன். 850 லக்ஸ், 70-ஆல் வகுத்தால் 12 மைக்ரோமோல். 12 மணி நேரம் என்பது 43,200 வினாடி. பெருக்கினால் ஒரு நாளைக்கு அரை மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தது ஒரு மோல்). காய்கறி நாற்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 மோல் விழுந்தால் நிம்மதி. அவருடைய நாற்று தேவையில் இருபதில் ஒரு பங்கில் இத்தனை நாள் உயிரோடு இருந்ததே பெரிது.

நான் சொன்னபடி 15 செ.மீ.க்கு இறக்கி 16 மணி நேரம் எரித்தால்? 7,000 லக்ஸ், 100 மைக்ரோமோல், 57,600 வினாடி: 5.76 மோல். பாதிதான். ஆகவே "இறக்குங்கள்" என்று நான் கொடுத்த ஆலோசனையும் அரைகுறை. பல்புகள் இரண்டு வேண்டும், பக்கத்தில் பக்கத்தில். அதுவும் ஒரு சாண் அகலத் தட்டுக்குத்தான்.

மின்கணக்கைக் கேட்டவருக்கு: இரண்டு பல்பும் சேர்ந்து 18 வாட், 16 மணி நேரம். ஒரு நாளைக்கு 0.29 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட்டுக்குள்.

ஜனவரி 15

தூரத்துச் சூத்திரத்திலும் ஒரு திருத்தம். நான்கில் ஒரு பங்கு என்பது ஒற்றைப் பல்புக்கு. நீளமான குழல் விளக்கு நான்கைந்தை வரிசையாக மாட்டினால், அல்லது அகலமான பலகை விளக்கு என்றால், பக்கத்தில் இருக்கும்போது வெளிச்சம் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஒன்றின் ஓரம் விட்டதை அடுத்தது நிரப்பிவிடும். என் அலமாரியில் நான்கு குழல்களின் கீழே 15 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் வித்தியாசம் நான்கு மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு சொச்சம்தான். தட்டின் ஓரத்தில்தான் அடி வாங்குகிறது. பக்கவாட்டில் வெள்ளை அட்டை நிறுத்தியதும் ஓரத்து நாற்றுகள் நடுவை நோக்கிச் சாய்வது நின்றது. கண்ணாடி, பளபளத் தாள் எல்லாம் தேவையில்லை. மட்டமான வெள்ளை அட்டை போதும்.

ஜனவரி 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இரண்டு பல்பு, 15 செ.மீ., 16 மணி நேரம். புதிதாக விதைத்தது நான்கு நாளில் முளைத்தது. "ஆனாலும் முதல் இரண்டு நாளில் கொஞ்சம் நீண்டுதான் விட்டது" என்கிறார். தட்டுக்கு அடியில் முளைப்பதற்காக வைத்த சூடேற்றும் பாய் இன்னும் இருக்கிறதாம், 30 டிகிரியில்.

கேட்டிருக்க வேண்டியது நான். கேட்கவில்லை. விதைக்குச் சூடு வேண்டும், நாற்றுக்கு அத்தனை வேண்டாம். முதல் கொக்கி மண்ணைப் பிளந்து தலை காட்டியதுமே பாயை உருவிவிடுங்கள். சூடு வளரச் சொல்கிறது, வெளிச்சம் வளர்வதற்கான சரக்கைத் தருகிறது. சரக்கில்லாமல் வேகம் மட்டும் இருந்தால் தண்டுதான் நீளும். வெளிச்சம் குறைவாக இருக்கிற இடத்தில் கொஞ்சம் குளிராக வைத்திருந்தாலே நாற்று குட்டையாக நிற்கும்.

அதேபோல், எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்து விளக்கைப் போடாதீர்கள். முதல் முளை வந்த அன்றே போட வேண்டும். இருட்டில் ஒரு இரவு போனால் ஒரு செ.மீ. போச்சு. நீண்ட தண்டு பிறகு எத்தனை வெளிச்சம் கொடுத்தாலும் சுருங்காது.

ஜனவரி 17

சாய்ந்துபோன பழைய தட்டைக் குப்பையில் போட வேண்டுமா என்று ஒருவர். தக்காளி என்றால் வேண்டாம். தண்டைப் படுக்கவைத்து விதையிலை வரை புதையுங்கள், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். தக்காளித் தண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெல்லிய முடி தெரியும். கீழ்ப்பகுதியில் சில நேரம் வெள்ளைப் புள்ளிகளாக வேர் புறப்படத் தயாராக இருப்பதும் தெரியும். மிளகாய் இந்த வித்தையை அரைமனதாகச் செய்யும். லெட்டூஸ் என்ற சாலட் கீரையைப் புதைத்தால் அழுகும்.

ஜனவரி 24

இது விளக்குப் பற்றியதல்ல, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அக்காவுக்கு ஒரு பழக்கம். அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் வருடிவிட்டுப் போவாள், நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி. கை எட்டுகிற நடுத்தட்டை மட்டும். "ஒடித்துவிடாதே" என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். இப்போது பார்த்தால் நடுத்தட்டு நாற்றுகள்தான் கட்டையாக, தண்டு தடித்து நிற்கின்றன. விளக்கு மூன்று தட்டுக்கும் ஒரே மாதிரிதான்.

தொடுதலும் காற்றும் தண்டைக் குட்டையாக்கித் தடிக்கச் செய்யும் என்பது தெரிந்த விஷயம்தான். 1973-இல் மார்க் ஜாஃபி என்ற தாவரவியல் ஆய்வாளர் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார். தெரிந்திருந்தும் என் வீட்டில் அது நடந்தபோது கத்தத்தான் தோன்றியது. மற்ற தட்டுகளுக்குச் சின்ன மேசை விசிறி வைத்துவிட்டேன். அக்கா இதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதை எழுதப் போவதில்லை.

ஜனவரி 30

ஊதா எங்கிருந்து வந்தது என்று நீளமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும், பச்சையைக் குறைவாக. பச்சையத்தைக் கரைசலில் பிரித்தெடுத்து அளந்தால் நடுவில் பெரிய பள்ளத்தாக்கோடு ஒரு வரைபடம் வரும். அந்தப் படத்தை விளக்குப் பெட்டிமேல் அச்சடித்து, "பச்சை வெளிச்சம் வீண்" என்று எழுதிவிட்டார்கள். ஆனால் முழு இலை கரைசல் அல்ல. உள்ளே போன பச்சை ஒளித்துகள் இங்குமங்கும் மோதி, ஆழத்திலுள்ள செல்களில் கடைசியில் பிடிபட்டுவிடும். 1972-இல் கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர் வகைகளின் இலைகளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அளந்து காட்டினார். பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடந்தது. இலை பச்சையாகத் தெரிவது அது பச்சையை முழுக்கத் திருப்பி அனுப்புவதால் அல்ல, மற்றதைவிடச் சற்று அதிகமாகத் திருப்புவதால்.

ஊதாவுக்கு இன்னொரு நியாயமான காரணமும் இருந்தது. ஆரம்பத்தில் செடிக்கு உதவும் அளவுக்குத் திறனோடு கிடைத்த எல்.இ.டி. சிவப்பும் நீலமும்தான். நீலம் 1990-களின் தொடக்கத்தில்தான் கைகூடியது. அதற்காக அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. என்பதும் நீல டையோடின் மேல் மஞ்சள் பொடி பூசியதுதான். வெள்ளைப் பல்பில் நீலம் இல்லை என்று வாதாடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

விண்வெளி நிலையத்தில் 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் அங்கேயே வளர்த்த சிவப்பு லெட்டூஸைச் சாப்பிட்டார்களே, அந்த வளர்ப்புப் பெட்டியிலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை விளக்கும் உண்டு. சாப்பிடப் போகிறவர் கண்ணுக்குக் கீரை கீரையாகத் தெரிய வேண்டும் அல்லவா.

பிப்ரவரி 2

"6,500 கெல்வினா, 4,000 கெல்வினா?" என்று வெள்ளை விளக்கின் நிறச் சாயலைக் கேட்கிறார்கள். எது கிடைக்கிறதோ அது. இதற்கு இரண்டு நாள் சண்டை போட வேண்டாம்.

பிப்ரவரி 6

தோல்வி ஒன்று. மேல்தட்டில் பன்னிரண்டு லெட்டூஸ் நாற்றுகள் ஒரே இரவில் அடித்தண்டு நைந்து விழுந்தன. தரையை ஒட்டி இடுக்கியால் கிள்ளியதுபோல ஒரு கறுத்த இடுக்கு. நாற்றழுகல். மண்ணைத் தட்டினால் குட்டிக் கறுப்பு ஈக்கள் வேறு கிளம்புகின்றன.

காரணம் என் கை. பழைய மஞ்சள் குண்டு பல்பு காலத்தில் மண் மாலைக்குள் காய்ந்துவிடும், தினமும் தண்ணீர் ஊற்றிப் பழகிவிட்டேன். எல்.இ.டி. அந்த மாதிரி அனல் கதிரைக் கீழே வீசுவதில்லை. அதன் சூடு முதுகுப் பக்கம் போய்விடும், மண் ஈரமாகவே இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தட்டைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால் ஊற்ற வேண்டும். அதுவும் அடித்தட்டில் ஊற்றி, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மண்மேல் பச்சைப் பாசி படர்ந்தால் அது உங்களைப் பற்றிய புகார்தான்.

பிப்ரவரி 8

கையோடு இன்னொன்று. தெளிப்பான் எடுக்கும்போது விளக்கை அணையுங்கள். மின்கம்பி சாக்கெட்டுக்கு நேராக இறங்கக் கூடாது; சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேறினால் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

பிப்ரவரி 19

ஊதாவை ஏமாற்று என்று எழுதியது மனதை உறுத்திக்கொண்டிருந்ததால் ஒரு சோதனை. ஒரே பொட்டலத்துத் தக்காளி விதை, ஒரே மண், ஒரே நாளில் விதைத்தது. பாதி ஊதாப் பலகையின் கீழே 25 செ.மீ.யில், பாதி வெள்ளைக் குழலின் கீழே 20 செ.மீ.யில். இரண்டுக்கும் 16 மணி நேரம். இருபதாம் நாள் அளவுகோல் வைத்தேன். வெள்ளையின் கீழே 9 செ.மீ. உயரம், வெளிர் பச்சை. ஊதாவின் கீழே 6 செ.மீ., இலை தடித்து, அடர்ந்த பச்சை.

அதாவது ஊதா நாற்றுதான் பார்க்க அழகு. நீலம் தண்டைக் குட்டையாக்கும் என்பதால் இதில் அதிசயம் இல்லை. இரண்டு பக்கமும் விழுந்த ஒளி சமம்தானா என்று என்னால் அளக்க முடியாததால் இதை நிரூபணம் என்று யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஆனால் "சுத்த ஏமாற்று" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வாட் கணக்கு ஏமாற்று, நிறம் அல்ல.

பிப்ரவரி 25

ஆறு நாளில் மறுபடியும் கட்சி மாறுகிறேன்.

ஊதாவின் கீழே இலை கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சளா, வெளிறலா, புள்ளியா, எதுவும் கண்ணுக்குப் பிடிபடாது. இன்று தட்டை மாற்றுவதற்காக ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். அடர்ந்த பச்சை என்று நான் மெச்சிய இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிர் மஞ்சள் புள்ளிகள். இலையைத் திருப்பினேன். நடு நரம்பை ஒட்டி மிக மெல்லிய வலை, அதில் மிளகாய்ப்பொடி சிந்திய மாதிரி என்னவோ. மூச்சு விட்டதும் பொடி நகர்ந்தது. செம்பேன். பதினெட்டு நாற்றில் பதினொன்றில். அங்கேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, தினமும் இரண்டு வேளை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்.

வெள்ளையின் கீழே இருந்த பாதியில் இரண்டு செடியில்தான் இருந்தது, அதையும் அன்றே கண்டேன்.

செடியைப் பார்க்க முடியாத விளக்கில் நாற்று வளர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைக்குச் சோறூட்டுவது. தினமும் ஜன்னலோரம் எடுத்துப் போய்த் திருப்பிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் ஊதாவை வைத்துக்கொள்ளலாம். எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் மணியடித்து, "இரவெல்லாம் உங்கள் ஜன்னல் ஊதாவாக எரிகிறதே, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டதும் முடிவுக்கு ஒரு துணைக் காரணம்.

மார்ச் 4

அதிக வெளிச்சம் கெடுக்குமா என்றால், கெடுக்கும். ஆனால் இரண்டு வகையில்.

ஒன்று, கிட்டத்தில் இருப்பது. உச்சி இலை மட்டும் வெளுத்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, கீழிலை நன்றாக இருந்தால் விளக்கை ஒரு கை உயர்த்துங்கள். புறங்கையை நாற்றின் உயரத்தில் அரை நிமிடம் வைத்துப் பார்ப்பது சூட்டைத்தான் சொல்லும், வெளிச்சத்தைச் சொல்லாது. எல்.இ.டி.யில் கை சுடாமலேயே இலை வெளுக்கும்.

இரண்டு, ஓயாமல் எரிவது. நடுவில் சில நாள் நான் ஊரில் இல்லை. விளக்கை நேரத்துக்கு ஏற்றி அணைக்கும் சுவிட்சு நான் போன மறுநாளே எரியும் நிலையில் சிக்கிக்கொண்டதாம். அக்கா தண்ணீர் மட்டும் பார்த்துக்கொண்டாள். "விளக்கு எரிந்தால் நல்லதுதானே" என்று விட்டுவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் தக்காளியும் கத்தரியும் நரம்புக்கு இடையில் மஞ்சள் திட்டுத்திட்டாக. மிளகாய்க்கு அவ்வளவு சேதம் இல்லை, லெட்டூஸ் கொழுத்திருந்தது. 24 மணி நேர வெளிச்சத்தைத் தக்காளியும் கத்தரியும் தாங்காது. முதல் நாள் சத்துக் குறைபாடு என்று நினைத்து உரம் கரைக்கப் போய்விட்டேன். சுவிட்சின் பல்சக்கரத்தைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. இரவு எட்டு மணி நேரம் இருட்டு கொடுத்ததும் புது இலை சரியாக வருகிறது. பழைய இலை அப்படியே மஞ்சளாக நிற்கிறது, சாட்சி மாதிரி.

மார்ச் 7

"தக்காளி இலையின் அடியில் உப்பு ஒட்டியதுபோல கொப்புளங்கள், பூச்சி எதுவும் இல்லை" என்பவருக்கு: சில ரகங்களில் புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கின் கீழே வரும். நோயில்லை, தொற்றாது. மருந்து அடிக்காதீர்கள். வெளியே போனதும் புது இலையில் வராது.

மார்ச் 9

அக்காவின் கலஞ்சோ என்ற பூச்செடி. இதைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்தை அவள் படிக்கும்போது எனக்கு மரியாதை இருக்காது.

மொட்டு விடாத செடி ஒன்றை, "உன் விளக்கில் வை, பூக்கட்டும்" என்று போன செப்டம்பரிலேயே கொடுத்தாள். நானும் 16 மணி நேர வெளிச்சத்தில் வைத்தேன். இலை தாமரை மாதிரி விரிந்தது. பூ மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலோரம் சீந்துவாரில்லாமல் கிடந்த கலஞ்சோ டிசம்பரில் கொத்துக்கொத்தாகப் பூத்தது.

பகலின் நீளத்தைச் செடி கணக்கு வைத்திருக்கிறது என்று கார்னர், அல்லார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1920-இலேயே எழுதிவிட்டார்கள். கலஞ்சோ, சாமந்தி, பாயின்செட்டியா எல்லாம் நீண்ட இரவு கேட்கும் ஜாதி. நான் நல்லது செய்வதாக நினைத்து அதன் இரவைத் திருடிக்கொண்டிருந்தேன், ஐந்து மாதமாக. இன்று முதல் மாலை ஐந்துக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுக்கப் போகிறேன். 14 மணி நேரம் இருட்டு, ஆறு வாரம். நடுவில் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

முன்பு "எல்லாவற்றுக்கும் 16 மணி நேரம்" என்ற தொனியில் எழுதியிருந்தால் அதைக் காய்கறி நாற்றுக்கு மட்டும் என்று படித்துக்கொள்ளுங்கள். கீரை வகைகளிலும் ஸ்பினாச் (கொடிப் பசலை அல்ல) நீண்ட பகலில் இலையை விட்டுப் பூத்தண்டுக்குப் போய்விடும். அதற்கு 12 மணி நேரத்துக்குள் வைத்து, விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: நாற்று கட்டைவிரல் தடிமனில் (மிகைப்படுத்துகிறார்) நிற்கிறதாம். "நாளை வெளியே வைத்துவிடலாமா?"

ஒரேயடியாக வேண்டாம். போன வருடம் நான் செய்தது அதுதான். விளக்கின் கீழே 200 மைக்ரோமோலில் பிறந்து வளர்ந்ததை நடுப்பகலில் 2,000-இல் கொண்டு போய் வைத்தேன். மாலையில் இலைகள் நனைந்து காய்ந்த காகிதம்போல வெள்ளையாக இருந்தன. வாடல் என்றால் தண்ணீர் ஊற்றலாம், அது வாடல் அல்ல, வெந்தது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, நான்காம் நாளிலிருந்து காலை வெயில். ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். சலிப்பான வேலை, தட்டைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து முதுகு போகும்.

மார்ச் 23

"அப்படியானால் செடி விளக்கு என்று தனியாக விற்பதை வாங்கவே கூடாதா?" நான் அப்படிச் சொல்லவில்லை. நாற்றோடு நிறுத்துபவர்களுக்குச் சாதாரண வெள்ளைக் குழல் போதும். அறைக்குள்ளேயே காய்க்க வைக்கப் போகிறேன் என்றால் நாளொன்றுக்கு 20 மோலுக்கு மேல் வேண்டும், அதற்கு வீட்டுப் பல்பு கட்டுப்படியாகாது; அப்போது பெட்டியில் விளக்கு வினாடிக்கு மொத்தம் எத்தனை மைக்ரோமோல் தருகிறது, உண்மையில் எத்தனை வாட் என்று இரண்டையும் போட்டிருக்கும் வெள்ளைப் பலகையாகப் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.5 வந்தால் நல்ல சரக்கு. "இணையானது" என்ற சொல்லைக் கண்டால் பெட்டியைக் கீழே வையுங்கள்.

ஏப்ரல் 11

தட்டுகள் காலி. கடைசி மிளகாய் நேற்று வெளியே போய்விட்டது. குழல்களைத் துடைத்தேன், துணியில் வந்த தூசியைப் பார்த்தால் இரண்டு மாதமாக நான் போட்ட மைக்ரோமோல் கணக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

ஏப்ரல் 20

அட்டைப் பெட்டி ஆறாவது வாரம் முடிந்தது. நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். அக்கா இரண்டு முறை. இன்று காலை இலைக் கக்கத்தில் அரிசி முனை அளவுக்கு ஏதோ இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து அவள் எண்ணினாள். நான் ஒன்பது என்றேன், அவள் ஏழு என்கிறாள். மற்ற இரண்டும் இலைத் தளிராம்.